நின்று சாப்பிட்ட வெள்ளிக்கிழமை

மொன்றியல்
07.04.2025

றோஸ்மேரி அக்கா அவர்களுக்கு,

அன்றைக்கு அந்தச் சுஷிக் கடையில் நம் ஆட்கள் நின்றது ஆறு பேர். நீங்கள், உங்கள் கணவர் ஜோன்சன் அண்ணை, இங்கே மொன்றியலில் இருக்கும் உங்கள் மகன் நிஷான், என் மகள் பிரஷாந்தினி, என் மனிதர் தியாகலிங்கம், நான். பலகைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு நின்ற பெடியனையும் சேர்த்தால் ஏழு. கடையில் இருந்த மற்றச் சனத்துக்குத் தமிழ் விளங்கியிருக்காது. ஆட்களை முதலில் எழுதி வைத்தால்தான் மற்றது எனக்கு நேராக வரும். வீட்டுச் செலவையும் நான் அப்படித்தான் எழுதுகிறவள்.

நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. குரல் பதிவு அனுப்ப வேண்டாம் என்று பிரஷாந்தினி சொல்லிவிட்டாள். நான் சும்மா கதைத்தாலும் சண்டை பிடிக்கிற மாதிரி இருக்குமாம். அதனால் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

நம் பிள்ளைகள் இரண்டும் விரும்பியிருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு தடையும் சொன்னதில்லை. நீங்கள் வேதக்காரர், நாங்கள் சைவக்காரர். என் தமையன் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்துக் கத்தினார். நான் அசையவில்லை. நோர்வேயிலிருந்து நீங்கள் வந்து, அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கலியாணத்துக்கு நாள் வைப்பது என்றுதானே பேச்சு? வர முதல் நீங்களே தொலைபேசியில் சொன்னீர்கள்: "வெள்ளிக்கிழமை எங்களுக்கும் சுத்தபோசனம்தான்." எனக்குக் கண் கலங்கிப் போனது. வெள்ளியில் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் தொடாத சம்பந்திகள் கிடைத்திருக்கிறார்கள் என்று முருகனுக்கு அர்ச்சனை செய்தேன்.

அன்று விடிய எழும்பிக் கத்தரிக்காய்ப் பால்கறி, மரவள்ளிக்கிழங்குப் பிரட்டல், பயற்றங்காய், கீரை, பருப்பு, பாயாசம் எல்லாம் முடித்து மூடி வைத்துவிட்டுத்தான் உங்களோடு வெளிக்கிட்டேன். சூசையப்பர் கோயிலுக்கு வந்தேன். நானும் மெழுகுதிரி கொளுத்தினேன். அங்கிருந்து டவுண்டவுனுக்கு வரும்போது குளிரும் பசியும் எல்லாருக்கும். நிஷான்தான் சொன்னது: "இஞ்சை ஒரு கடை இருக்கு அன்ரி. மலிவு. யப்பானில மாதிரி நிண்டு சாப்பிட்டிட்டு ஓடலாம்." மலிவு என்றதும் நான் தலையாட்டினேன். அதை மறைக்கவில்லை. பிரயாணம் வந்த ஆட்கள் வாயை நனைத்தால் போதும், பின்னேரம் வீட்டில் பெருஞ்சாப்பாடு இருக்கிறதே என்று நினைத்தேன்.

உள்ளே இருக்கிறதுக்குக் கதிரை ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் நோவை நினைத்து, நானாகப் படித்த பிரெஞ்சில் ஒரு கதிரைக்கு "ஷேஸ்?" என்று கேட்டேன். கத்திப் பெடியன் சிரித்துக்கொண்டு "பா த ஷேஸ், மடாம்" என்றான். பிறகு சோற்றுப் பிடியின் மேல் பச்சை மீன் துண்டை வைத்து, ஒவ்வொன்றாக உங்கள் முன்னால் வைத்தான். நீங்கள் எடுத்து வாயில் போட்டீர்கள். கேட்டுவிட்டேன்:

"இண்டைக்குச் சுத்தபோசனம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"பேந்தென்ன மீன் சாப்பிடுறியள்?"

என் மனிதர் வாயை வைத்துக்கொண்டு இருக்காமல், "நோர்வேயில மீன் மரத்தில காய்க்கிறதாக்கும்" என்றார். அவரும் அந்த வெள்ளிக்கிழமை நாலு துண்டு விழுங்கியிருந்தார், அது வேறு. நீங்கள் கையைத் துடைத்துவிட்டு "எனக்குக் காணும்" என்றீர்கள். மெட்ரோவில் தலையிடி என்றீர்கள். விடுதிக்குப் போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் விமானம் ஏறினீர்கள்.

சமைத்ததை மூன்று நாள் நாங்கள் இருவரும் தின்றோம். பிரஷாந்தினி ஒரு கரண்டி தொடவில்லை.

நின்று சாப்பிட வைத்ததுதான் குறை என்றால், அது உங்கள் மகன் கூட்டிப்போன கடை. வேறு குறை என்றால் சொல்லுங்கள். விரதத்தைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்கக்கூடாதா? பிள்ளைகளின் நாள் அப்படியே நிற்கிறது.

சிவநேசம் தியாகலிங்கம்


பேர்கன்
25.04.2025

திருமதி தியாகலிங்கம் அவர்களுக்கு,

கடிதம் உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு கிடைத்தது. முதலில் ஒன்று: என்னை அக்கா என்று எழுத வேண்டாம். நிஷானிடம் கேட்டேன். நீங்கள் என்னைவிட இரண்டு வயது மூப்பு.

சுத்தபோசனம் என்றால் எங்களுக்கு இறைச்சி இல்லை, அவ்வளவுதான். மீன் உண்டு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன்தான். கடற்கரைச் சனம் வேறெதைத் தின்றிருக்கும்? சுவாமியார் சொல்லித் தந்த சொல்லை நான் சொன்னேன். நீங்கள் அதற்குள் உங்கள் சைவத்தை வைத்துக் கேட்டீர்கள். சரி, தெரியாமல் நடந்தது. ஆனால் தெரியாத ஒன்றைத் தனியே கூப்பிட்டுக் கேட்கலாம். என் மகனுக்கு முன்னால், நான் விரதத்தை விழுங்கிய கள்ளி மாதிரி, கடை நடுவில் நிறுத்திக் கேட்டீர்கள். உங்கள் மனிதரின் பகிடிக்கு வேறொரு நாளென்றால் நானும் சிரித்திருப்பேன். என் மனிதர் இங்கே வந்த பிறகும் சல்மன் மீன் வாங்கும்போது "இது எந்த மரத்தில காய்ச்சது?" என்று கேட்கிறார்.

நின்றதும் எனக்குக் குறையில்லை. மீன் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் சல்மனுக்கு முன்னால் நின்றவள் நான். காசு கொடுத்து விமானம் ஏறி, மகனின் கலியாணம் பேச வந்த இடத்திலும் சல்மனுக்கு முன்னால்தான் நிற்கிறேன் என்று எனக்குள் சிரித்தேன். மீன் நல்ல மீன். பெடியனின் கை விறுவிறுவென்று ஓடியது. அவன் உங்களுக்கென்று வெள்ளரிக்காயில் ஒன்று சுற்றித் தந்தான். அதை விரல் நுனியால் தள்ளி வைத்தீர்கள். ஐந்து பேர் சாப்பிட, தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதையும் நான் பொறுத்தேன்.

நீங்கள் எல்லாம் எழுதி ஒன்றை மட்டும் எழுதவில்லை.

மெட்ரோவில் நீங்கள் பிரஷாந்தினியின் காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. வண்டி நிலையத்தில் நின்று சத்தம் அடங்கின நேரம். "எல்லாரும் மீன் மச்சம் சாப்பிட்டாச்சு. ஒருக்காக் குளிச்சிட்டு வரச்சொல்லு பிள்ளை, இல்லாட்டி வீட்டுக்குள்ள எடுக்கேலாது." பிள்ளை "அம்மா!" என்றாள். நீங்கள், "ஏன், அதில என்ன?" என்றீர்கள்.

அதில் என்ன என்று சொல்கிறேன். என் ஐயா மீன் கொண்டுபோன வீடுகளில் காசை எறிந்துதான் கொடுத்தார்கள். சாப்பாடு என்றால் கிணற்றடியில் நிறுத்திக் கொடுத்தார்கள். கை கழுவச் சொல்லவில்லை, தூர நிற்கச் சொன்னார்கள். நான் கூடப் போயிருக்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயது. அந்தக் கணக்கு முடிந்தது என்று நினைத்துத்தான் நான் கனடாவுக்கு வந்தேன்.

குளித்துவிட்டு வரும் சம்பந்தி உங்களுக்கு வேறெங்காவது கிடைப்பாள்.

றோஸ்மேரி ஜோன்சன்


மொன்றியல்
12.05.2025

றோஸ்மேரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் கோபம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

சொன்னேன்தான். ஆனால் யாருக்குச் சொன்னேன்? என் மனிதர் முப்பது வருடமாக வெளியில் எங்கே மீன் சாப்பிட்டாலும், வெள்ளிக்கிழமை என்றால் கதவு திறக்கும்போதே "குளிச்சிட்டு வாங்கோ" என்றுதான் சொல்வேன். என் தமையன் லண்டனிலிருந்து வந்தாலும் அதுதான். இந்த வீடு மூன்று அறை. சாமியும் அடுப்பும் ஒரு சுவருக்கு இரண்டு பக்கம். என் வீட்டுக்காரருக்குச் சொல்கிறதை உங்களுக்கும் சொன்னேன். உங்களை வேறாக நினைத்திருந்தால், வேறு மாதிரி மரியாதையாக ஏதாவது சொல்லியிருப்பேன். கிணற்றடியை நான் நினைக்கவேயில்லை. உங்கள் ஐயாவை எங்கள் ஆட்கள் நடத்தின விதத்தை எழுதியிருந்தீர்கள். என் வீட்டில் அப்படி நடக்கவில்லை என்று எழுத முதலில் கை போனது. நடக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுதினதை அடித்துவிட்டேன்.

வெள்ளரிக்காயைத் தள்ளினேன் என்கிறீர்கள். அவன் மீன் வெட்டின கத்தியாலேயே வெள்ளரிக்காயையும் வெட்டினான். நான் என்ன செய்யட்டும்? அவனுக்குப் பிரெஞ்சில் அதை விளங்கப்படுத்துகிற அளவுக்கு நான் படிக்கவில்லை. சிரித்துக்கொண்டு தள்ளி வைத்தேன். சிரித்ததை நீங்கள் பார்க்கவில்லை.

எனக்கும் ஒரு குறை இருக்கிறது. சூசையப்பர் கோயிலில் நான் தலை குனிந்து கும்பிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்னம், புதன்கிழமை முருகன் கோயிலுக்குப் போனபோது நீங்கள் காரை விட்டு இறங்கவில்லை. ஜோன்சன் அண்ணை வந்தார், விபூதியும் பூசினார். நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தீர்கள். ஐயர் "சம்பந்தி அம்மா எங்கை?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? வெளியில் குளிர் என்று சொன்னேன். கோயிலுக்குள்தானே வெக்கை!

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரஷாந்தினி லவாலில் இருக்கும், தன்னோடு படித்தவளின் வீட்டுக்குப் போய்விட்டாள். உடுப்பையும் அரிசி வேகவைக்கும் குக்கரையும் கொண்டு போயிருக்கிறாள். குக்கர் போனதென்றால் திரும்பி வருகிற யோசனை இல்லை. போகும்போது, "உங்கடை சாமி உங்களோடை இருக்கட்டும்" என்றாள். நான் பெற்ற பிள்ளை.

ஒரு சமாதானம் சொல்கிறேன். நீங்கள் திரும்ப வாருங்கள். உங்கள் மீனுக்கென்று தனியாக ஒரு சட்டி வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல கனமான சட்டி. வேறு ஒன்றுக்கும் அதை எடுக்க மாட்டேன்.

சிவநேசம்


பேர்கன்
30.05.2025

சிவநேசம் அவர்களுக்கு,

தனிச் சட்டியோ?

நீங்கள் வேண்டுமென்று செய்கிறீர்களா, விளங்காமல் செய்கிறீர்களா என்று இவரிடம் கேட்டேன். "பாவம், அந்த மனிசி உண்மையாத்தான் எழுதுது" என்கிறார். இவர் எல்லாரையும் நம்புகிற ஆள். இவருக்கு உங்கள் மனிதரின் பகிடியும் பிடித்திருக்கிறது.

காருக்குள் இருந்தது சாமிக்குப் பயந்தல்ல. நீளச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தால் என் முழங்கால் பிறகு நிமிராது. முதல் நாள் உங்கள் படியை ஏறி இறங்கினதிலேயே போய்விட்டது. கோயில் வாசலில் ஒருவர் என் சப்பாத்தைக் கழற்றிவிடுகிற நிலைமையை உங்கள் ஐயருக்குக் காட்ட வேண்டாம் என்று இருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னிடம் மட்டும் ஒன்றும் கேட்கிறீர்களில்லை. கேட்டால் கடைக்கு நடுவில் கேட்கிறீர்கள்.

இப்போது எனக்கு ஒரு கேள்வி. நேர்மையாகச் சொல்லுங்கள். நேற்று நிஷான் தொலைபேசி எடுத்தான். ஓகஸ்ட் 22ஆம் திகதி மொன்றியல் நீதிமன்றத்தில் கலியாண எழுத்து என்றான். சாட்சிக்கு இரண்டு சிநேகிதர். நான் "அப்ப நாங்கள் எப்ப வாறது?" என்றேன். வேறு கதை எடுத்தான். பிறகு "பார்ப்பம் அம்மா" என்றான். ஒரே மகன். பார்ப்பமாம்.

உங்களுக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்துகொண்டுதான் சட்டியைப் பற்றி எழுதினீர்களா?

றோஸ்மேரி


மொன்றியல்
14.06.2025

மச்சாள்,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை வரவில்லை. நீங்கள் தருகிற மாதிரியும் இல்லை. நானே எடுத்துக்கொள்கிறேன், பிடிக்காவிட்டால் திருப்பி எழுதுங்கள்.

எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில்தான் முதலில் தெரிந்தது. என் மகளின் கலியாணத் திகதி நோர்வே முத்திரையோடு எனக்கு வந்தது. அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

பிரஷாந்தினியை வரச் சொன்னேன். வந்தாள், வாசலோடு நின்றாள். "இரு பிள்ளை" என்றேன், இருக்கவில்லை. கேட்டேன், "நீ எங்களைக் கூப்பிடாமலே எழுதப்போறியோ?"

"கூப்பிட்டால் என்ன நடக்கும்? நீங்கள் அவையின்ரை கையைப் பார்ப்பியள். மாமி உங்கடை முகத்தைப் பார்ப்பா. எனக்கு அண்டைக்கு அந்தக் கடையிலயே போதுமம்மா."

"நான் தனிய வாறன். மூலையில நிக்கிறன்."

"வேண்டாம். நீங்களும் மாமியும் ஒண்டா எனக்குப் போன் எடுத்து வாறம் எண்டு சொன்னால் வாங்கோ. ஒராள் மட்டும் எண்டால் ஒராளும் வேண்டாம். நிஷானும் அதைத்தான் சொல்லுறான்."

அவளின் அப்பா, "அப்ப நான் வரலாமோ?" என்று கேட்டார். "நீங்கள் வாயைத் திறக்காட்டி வரலாம்" என்றாள். அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு.

அவள் போன பிறகு உங்கள் கடிதத்தை எடுத்து, தனிச் சட்டி என்ற இடத்தை நீங்கள் வாசித்திருக்கக்கூடிய மாதிரி வாசித்துப் பார்த்தேன். சுட்டது. ஆனால் நான் சொல்வதையும் ஒரு தரம் கேளுங்கள். இந்த அடுப்பில் இன்றுவரை மீன் ஏறினதில்லை. என் மனிதர் கெஞ்சியும் ஏற்றவில்லை. மீன் சாப்பிட வேண்டுமென்றால் வெளியில் போவார். இந்த வீட்டுக்குள் வந்த முதலாவது மீன் சட்டி அதுதான். உங்களை வெளியில் வைக்கிறதென்றால் நான் ஏன் சட்டி வாங்குகிறேன்? வெளியிலேயே சாப்பிடுங்கள் என்று விட்டிருப்பேனே. பெரிய மரியாதை செய்கிறேன் என்று நினைத்துத்தான் எழுதினேன். எனக்கு எது மரியாதையோ அது உங்களுக்கு அடி. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது மச்சாள், உங்கள்மேல் மட்டும் இல்லை. எத்தனை சொல் இப்படி நம் இருவருக்கும் இடையில் கிடக்கிறதோ?

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை இவர் ஒரு சிநேகிதரின் வீட்டில் நண்டு சாப்பிட்டுவிட்டு வந்தார். கதவடியில் வழக்கம்போல நின்றார், நான் சொல்லட்டும் என்று. எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. கண்ணுக்குள் உங்கள் ஐயா கிணற்றடியில் நிற்கிறார், பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளை. நான் பேசாமல் உள்ளே போய்விட்டேன். இவருக்குப் பயம் பிடித்துவிட்டது. "என்னப்பா, சுகமில்லையோ?" என்று கேட்டார். பிறகு தானாகவே போய்க் குளித்தார்.

ஆனால் பொய் எழுத மாட்டேன். ஓகஸ்ட் 22 வெள்ளிக்கிழமை. நாள் பார்த்த பிள்ளைகளுக்கு அது தெரிந்ததோ, எங்களைச் சோதிக்கத்தான் வைத்தார்களோ, தெரியாது. வெள்ளிக்கிழமை என் அடுப்பில் மீன் ஏறாது. உங்களுக்காகவும் ஏறாது, நிஷானுக்காகவும் ஏறாது. அன்று என் சமையல்தான். நீங்கள் வேறெங்கே என்ன சாப்பிட்டு வந்தாலும் நேரே உள்ளே வாருங்கள். கை காலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சாமி அறைக் கதவு எப்போதும் போலத் திறந்திருக்கும், சாத்த மாட்டேன். நான் உங்களோடு இருந்து, உங்களுக்குப் பக்கத்தில், ஒரே நேரத்தில் சாப்பிடுவேன். சனிக்கிழமை அடுப்பு உங்களுடையது. எந்தச் சட்டியையும் எடுங்கள். புதுச் சட்டியைப் பிடிக்காவிட்டால் இவர் அதில் பூங்கன்று வைக்கிறாராம். நீங்கள் காய்ச்சுகிற மீனை நான் சாப்பிட மாட்டேன். பக்கத்தில் இருப்பேன். முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பார்ப்பேன், அதற்கு உறுதி தர முடியாது.

இதற்கு மேல் வளைய எனக்குத் தெரியவில்லை. இது உங்களுக்குக் காணாது என்றால் காணாது என்றே எழுதுங்கள். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் என் பிள்ளையின் கலியாணத்துக்கு நானும் போக முடியாது, நீங்களும் போக முடியாது.

விடுதி வேண்டாம், எங்களோடு தங்குங்கள். படிக்கு இவரும் ஜோன்சன் அண்ணையும் இரண்டு பக்கமும் பிடிப்பார்கள். சப்பாத்தை நான் கழற்றிவிடுகிறேன், என் வாசலில் ஐயர் நிற்கமாட்டார்.

வருகிறீர்களா, இல்லையா? கடிதம் சுணங்கும். தொலைபேசியில் எடுத்தாலும் சரி, உங்கள் மகன் மூலம் சொன்னாலும் சரி. பிள்ளைகளிடம் சேர்ந்து சொல்ல வேண்டும். இது கிடைத்த கிழமைக்குள் பதில் தாருங்கள்.

சிவநேசம்